பிளேடு உடைந்தால் எங்கே போகும்? பறக்கும் ஆம்புலன்ஸின் சுழலிகள் பற்றி ஒரு விளக்கம்

2025 பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த இபிளேன் நிறுவனம், ஐகாட் என்ற வான் ஆம்புலன்ஸ் சேவைக்கு 788 மின்சார விமானங்கள் செய்துகொடுக்க ஒப்பந்தம் போட்டிருக்கிறது. நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒன்றை நிறுத்துவது திட்டம். அப்படியானால் திருநெல்வேலிக்கும் ஒன்று வர வேண்டும். காரையாறு அணையைத் தாண்டிக் காட்டுக்குள் நடந்து போக வேண்டிய இஞ்சிக்குழி என்னும் காணிப் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து ஒரு கர்ப்பிணியைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது இன்றைக்கு என்ன பாடு என்று தெரிந்தவர்களுக்கு இது சின்னச் செய்தி இல்லை.

ஓடுபாதை இல்லாமல் நின்ற இடத்திலிருந்தே மேலே எழும்பி, பிறகு விமானம்போல் பறந்து, போன இடத்தில் நேராக இறங்கும் மின்சார வானூர்திக்கு ஈவிடால் என்று பெயர். உலகம் முழுவதும் வெளிவரும் இவற்றின் படங்களைப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். ஒன்றில் ஆறு காத்தாடி, இன்னொன்றில் பன்னிரண்டு, வேறொன்றில் பதினாறு. சிலவற்றில் தலைக்கு மேலே, சிலவற்றில் கால்மாட்டில். பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தன காத்தாடி இருக்கு? ஒண்ணு நின்னா மத்தது தாங்குமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தக் காத்தாடிகள் எங்கே இருக்கின்றன?

காற்றாலையைத் திருப்பிப் போட்டால்

பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் போய்வருகிறவர்களுக்கு இதன் அடிப்படை பாதி தெரிந்ததுதான். காற்றாலை, ஓடுகிற காற்றிலிருந்து வேகத்தைப் பிடுங்கி மின்சாரமாக்குகிறது. ஈவிடாலின் சுழலி அதையே தலைகீழாகச் செய்கிறது. மின்சாரத்தைக் கொடுத்தால் நிற்கிற காற்றைப் பிடித்துக் கீழே தள்ளுகிறது. தள்ளிய வேகத்துக்கு எதிர்விசையாக இயந்திரம் மேலே எழுகிறது.

கட்டுரை முழுக்க வரப்போகிற சொற்கள் நான்கு:

1. சுழலி: மோட்டார் அச்சில் பூட்டிய பிளேடுகளின் தொகுதி. ரோட்டார் என்றும் ப்ரொப்பல்லர் என்றும் சொல்வது இதைத்தான்.
2. சுழல்வட்டம்: பிளேடுகள் சுற்றும்போது வாரிக்கொள்ளும் வட்டப் பரப்பு.
3. சுழல்தளம்: அந்த வட்டத்தை நான்கு பக்கமும் நீட்டினால் கிடைக்கும் கற்பனைத் தட்டு. உடைந்த பிளேடு பெரும்பாலும் இந்தத் தட்டை ஒட்டித்தான் பறக்கும்.
4. கீழ்க்காற்று: சுழலி கீழே தள்ளும் காற்று.

இனி ஒரு கணக்கு. 2,000 கிலோ எடையுள்ள ஈவிடால் அந்தரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் சுழல்வட்டங்களின் பரப்பையும் கூட்டினால் 40 சதுர மீட்டர் என்றால், இழப்பே இல்லாத இயந்திரத்துக்குக்கூடச் சுமார் 280 கிலோவாட் வேண்டும். கீழ்க்காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடும். பரப்பை 10 சதுர மீட்டராகக் குறைத்தால் 560 கிலோவாட். கீழ்க்காற்று 200 கிலோமீட்டரைத் தாண்டும். பரப்பு நாலில் ஒன்றானால் மின்சாரமும் காற்று வேகமும் இரட்டிப்பாகும். நடைமுறையில் தேவைப்படும் மின்சாரம் இதைவிடக் கூடுதல்தான்.

ஆகவே பேட்டரியைக் காப்பாற்ற நினைக்கும் பொறியாளர் பெரிய சுழலிகளைத்தான் விரும்புவார். ஆனால் சுழலி பெரிதாகப் பெரிதாக அது பயணிக்கும், கதவுக்கும், பக்கத்துச் சுழலிக்கும் நெருங்கி வரும். சிக்கல் தொடங்குவது இங்கே.

வடிவங்கள்

சீனாவின் ஈஹாங் இஎச்216-எஸ் இறக்கையே இல்லாதது. எட்டுக் கைகளில், கைக்கு மேலொன்றும் கீழொன்றுமாகப் பதினாறு சுழலிகள். 2023 அக்டோபரில் தன் நாட்டில் வகைச் சான்றிதழ், அதாவது இந்த வடிவம் பறக்கத் தகுந்தது என்ற அரசு ஒப்புதல், பெற்றது. அமெரிக்காவின் பீட்டா ஆலியாவில் எழும்புவதற்கு நான்கு சுழலிகள், முன்னே தள்ளுவதற்குப் பின்னால் தனியே ஒன்று. ஜோபி எஸ்4-இல் ஆறு சுழலிகள். எழும்பும்போது வானத்தைப் பார்த்து நிற்கும் ஆறுமே பறக்கும்போது முன்பக்கம் சாய்ந்துகொள்ளும். ஆர்ச்சர் மிட்நைட்டில் பன்னிரண்டு. முன்வரிசை ஆறு மட்டும் சாயும், பின்வரிசை ஆறும் தூக்குவதற்கு மட்டும்.

எண்ணிக்கை என்ன தருகிறது?

ஒரு சுழலி நின்றால் இயந்திரம் அந்தப் பக்கம் சாயும். சாயாமல் நிறுத்த எளிய வழி, நேர் எதிரே உள்ள சுழலியையும் அடக்கிவிடுவது. அப்போது மிச்சமுள்ளவை முழு எடையையும் சுமக்க வேண்டும். விசை கூடும் விகிதத்தைவிட மின்சாரம் வேகமாகக் கூடும். இதுதான் மோட்டாரைச் சுடவைப்பது.

1. நான்கு சுழலி: எதிரெதிர் இரண்டு மட்டும் மிஞ்சும். இரண்டு காலில் நிற்கும் மேசைபோல் இயந்திரத்தை நேராக வைக்க வழியில்லை.
2. ஆறு: நான்கு மிஞ்சும். ஒவ்வொன்றும் ஒன்றரை மடங்கு தூக்க வேண்டும். மின்சாரம் ஏறக்குறைய 1.8 மடங்கு.
3. எட்டு: ஆறு மிஞ்சும். தூக்கு 1.33 மடங்கு, மின்சாரம் 1.5 மடங்கு.
4. பன்னிரண்டு: பத்து மிஞ்சும். தூக்கு 1.2, மின்சாரம் 1.3 மடங்கு.

பன்னிரண்டுக்குப் பிறகு கிடைக்கும் லாபம் மெல்லத் தேய்ந்துவிடும். மோட்டாரும் கம்பியும் கூடுவதால் பழுதாகக்கூடிய இடங்கள்தான் பெருகும்.

மூன்று விஷயங்களை இந்தப் பட்டியலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது, சுழலும் திசை. ஒன்றுவிட்டு ஒன்று வலமும் இடமுமாகச் சுற்றும் வழக்கமான ஆறு சுழலி அமைப்பில் ஒன்று போனாலே, உயரத்தையும் சாய்வையும் காப்பாற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பும் கட்டுப்பாட்டையும் சேர்த்து வைத்திருக்க முடியாமல் போகும். அதே ஆறைத் திசை மாற்றி வரிசைப்படுத்தினால், எது போனது என்பதைப் பொறுத்துச் சமாளிக்கலாம். இரண்டாவது, பேட்டரி இணைப்பு. எதிரெதிர் சுழலிகளை ஒரே பேட்டரியில் கட்டினால், அந்தப் பேட்டரி செத்தாலும் இழப்பு இருபக்கமும் சமமாக இருக்கும். ஒரே பக்கத்துச் சுழலிகள் ஒரே பேட்டரியில் இருந்தால் விமானம் கவிழும். ஜோபி இன்னொரு வழியைப் பிடித்தது: ஒவ்வொரு மோட்டாருக்குள்ளும் இரண்டு தனித்தனிக் கம்பிச் சுருள்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மின்கட்டுப்பாட்டுக் கருவி. ஒரு பாதி கெட்டாலும் மறுபாதியில் மோட்டார் ஓடும்.

மூன்றாவது வெயில். 40 டிகிரி செல்சியஸில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 8 விழுக்காடு குறைவு. அதனால் கூடும் மின்சாரம் கொஞ்சம்தான். ஆனால் ஏற்கெனவே 1.8 மடங்கு சுமக்கும் மோட்டாரைக் குளிர்விப்பது வெயிலில் கொதிக்கும் காற்றுதானே. அக்கினி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் செய்து காட்டாத சோதனையை நான் முழுச் சோதனையாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பிளேடு உடைந்தால்

இதுவரை பார்த்தது மோட்டார் நிற்கும் கதை. பிளேடு உடைவது வேறு கதை, அதுதான் கொடியது. மோட்டார் நின்றால் போவது தூக்கு விசை மட்டும். பிளேடு உடைந்தால் விசையும் போகும், உடைந்த துண்டு ஆயுதமாகவும் மாறும்.

ஒரு பிளேடு 2 கிலோ என்று வைப்போம். சுழலியின் ஆரம் 1.4 மீட்டர், நிமிடத்துக்கு 900 சுற்று. பிளேடின் எடைமையம் அச்சிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால், அது அச்சை வெளியே இழுக்கும் விசை ஒரு டன் எடைக்குச் சற்று மேல். எல்லாப் பிளேடுகளும் சேர்ந்திருக்கும்வரை இந்த இழுப்புகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். ஒன்று பிய்ந்த நொடியில் இரண்டு காரியம் நடக்கும். பிய்ந்தது மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்தளத்தை ஒட்டிப் பறக்கும். மிச்சமுள்ள சுழலி நொடிக்கு 15 தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு டன் விசையோடு, தன் தாங்கியைப் பிடித்து உலுக்கும்.

2022 பிப்ரவரி 16-இல் கலிஃபோர்னியாவில் ஜோபியின் சோதனை விமானம் விழுந்தது. தரையிலிருந்து இயக்கப்பட்டதால் உள்ளே யாரும் இல்லை. ஆறு சுழலிகளில் ஒன்றின் பிளேடு பிய்ந்து பக்கத்துச் சுழலியில் அடித்தது. அங்கிருந்து சேதம் பரவி, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. ஆறில் ஒன்று போனாலும் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் செய்த இயந்திரம் அது. கணக்கில் தவறில்லை. போனது ஒன்றோடு நிற்கவில்லை, அவ்வளவுதான்.

2023 ஆகஸ்ட் 9-இல் இங்கிலாந்தின் கோட்ஸ்வோல்ட் விமானநிலையத்தில் வெர்ட்டிகல் ஏரோஸ்பேஸின் விஎக்ஸ்4, எட்டுச் சுழலி கொண்டது, ஆளில்லாமல் பறந்தது. ஒரு மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கும் சோதனை. அந்தச் சமயம் வேறொரு சுழலியின் பிளேடு, பசை ஒட்டு விட்டுப்போய்ப் பிரிந்தது. உலுக்கலில் அந்த மோட்டாரைத் தாங்கிய கை முறிந்தது. அதன் வழியே போன கம்பிகளும் சேதமாகின. விமானம் தரையில் மோதியது.

இரண்டிலும் பாடம் ஒன்றே: ஒரு சுழலிக்கு அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதே அதன் பழுது எவ்வளவு தூரம் பரவும் என்று முடிவு செய்கிறது. ஆகவே ஒரு வடிவத்தைப் பார்க்கும்போது சுழல்தளத்தை மனதில் நீட்டிப் பார்க்க வேண்டும்.

1. அந்தத் தட்டு பயணி இருக்கையை வெட்டுகிறதா? தலைக்கு மேலே நன்றாக உயர்ந்திருந்தால், எழும்பும்போதும் இறங்கும்போதும் துண்டு கூரைக்கு மேலாகப் போய்விடும். தோள்மட்டத்தில் இருந்தால் நோயாளியும் மருத்துவரும் நேர்கோட்டில் இருப்பார்கள்.
2. பக்கத்துச் சுழலி அதே தட்டில் இருக்கிறதா? ஒன்றைச் சற்று மேலேயும் மற்றதைச் சற்றுக் கீழேயும், அல்லது முன்னும் பின்னுமாகத் தள்ளி வைத்தால் சங்கிலிச் சேதம் குறையும்.
3. பேட்டரியும் கட்டுப்பாட்டுக் கம்பிகளும் அந்தத் தட்டைக் கடக்கின்றனவா? கடந்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு வழியாகப் பிரிந்து கடக்க வேண்டும்.
4. சுழலி சாயும் வகையா? அப்படியானால் தட்டும் கூடவே சாயும். எழும்பும்போது ஆளில்லாத இடத்தை வெட்டிய தட்டு, பறக்கும்போது இருக்கைக்குக் குறுக்கே நிற்கக்கூடும். இடைப்பட்ட கோணங்கள் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

நான்காவதுதான் அதிகம் மறக்கப்படுவது. சாயும் சுழலி எடையை மிச்சப்படுத்தும், வேகம் தரும். அதற்குக் கொடுக்கும் விலை, ஆபத்துத் தட்டு ஒன்றுக்குப் பலவாகப் பெருகுவது. பயணி உட்காரும் நீளம் முழுவதையும் சுழலிகளின் முன்னேயோ பின்னேயோ தள்ளிவிட்ட வடிவமே சாயும் வகையில் எனக்கு நம்பிக்கை தருவது.

சுழலியைச் சுற்றி வளையம் போட்டால் என்ன என்று தோன்றும். வளையம் சின்னத் துண்டுகளைப் பிடிக்கும், ஆள் கை படாமல் காக்கும், நன்றாகச் செய்தால் இரைச்சலையும் குறைக்கும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பிளேடை நிறுத்தும் அளவுக்கு வளையம் செய்தால் அதன் எடையே தூக்குக்குச் சுமையாகிவிடும்.

கூட்டம் சூழ்ந்து நிற்கும் இடத்தில்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலம் போட்டார்கள். அந்த நாட்களை நினைத்துக்கொண்டு ஒரு ஈவிடாலைக் கற்பனை செய்து பாருங்கள். அது இறங்கும் இடத்தில் கயிறு கட்டி ஆளை விலக்கப் போலீஸ் இருக்காது. இடுப்பளவு நீரிலிருந்து வந்தவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

கால்மாட்டில் இருக்கும் சுழலி அங்கே மிகவும் ஆபத்தானது. வேகமாகச் சுற்றும் பிளேடு கண்ணுக்குத் தெரியாது. மின்மோட்டார் என்பதால் ஹெலிகாப்டர்போல எச்சரிக்கும் இரைச்சலும் குறைவு. ஹெலிகாப்டரின் வால் சுழலியில் தெரியாமல் போய்ப் பட்டு இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. பல புதிய ஹெலிகாப்டர்களில் வால் சுழலியை வளையத்துக்குள் பதித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்மோட்டாருக்கு இங்கே ஒரு பெரிய சாதகம் இருப்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சில நொடிகளில் முற்றிலும் நிறுத்தலாம், புறப்படும்போது உடனே ஓட்டலாம். எனவே கதவு திறந்தால் மோட்டாருக்கு மின்சாரமே போகாதபடி பூட்டு அமைக்கலாம். சுழலி தாழ்வாக உள்ள வடிவத்துக்கு இந்தப் பூட்டு கட்டாயம் வேண்டும். ஸ்ட்ரெச்சரைப் பொறுத்தவரை, சுழலி தாங்கும் கைகளுக்கு நடுவே குனிந்து நுழைய வேண்டிய கதவைவிட, பின்பக்கமாகத் திறக்கும் கதவே 108 ஊழியர்களுக்குப் பழகியது.

முன்னதன் காற்றில் பின்னது

காற்றாலை நட்டவர்களுக்கு இது கைவந்த பாடம். முன்வரிசை காற்றாலை கலக்கிவிட்ட காற்றில் பின்வரிசை நின்றால் மின்சாரம் குறையும், பிளேடும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும். அதனால்தான் காற்றடிக்கும் திசையில் சுழல்வட்ட விட்டத்தைப்போல ஏழு மடங்கும் குறுக்கே ஐந்து மடங்கும் இடைவெளி விடச் சொல்லும் விதி இருக்கிறது. ஈவிடாலில் அத்தனை இடம் ஏது? முன்சுழலிக்கும் பின்சுழலிக்கும் நடுவே சில மீட்டர்தான்.

விமானம் முன்னோக்கி நகரத் தொடங்கியதும் முன்சுழலியின் கீழ்க்காற்று பின்பக்கமாகச் சாய்ந்து பின்சுழலிக்குள் போகும். பின்னது திணறும், பிளேடு அதிரும். பின்வரிசையைச் சற்று உயர்த்தி வைப்பது ஒரு தீர்வு. இன்னொரு ஆபத்து நேராகக் கீழே இறங்கும்போது வருகிறது. மிக வேகமாக இறங்கினால், தான் கீழே தள்ளிய காற்றையே சுழலி மறுபடி மேலிருந்து உறிஞ்சத் தொடங்கும். தூக்கு திடீரென்று சரியும். 2000 ஏப்ரலில் அரிசோனாவின் மரானாவில், இரட்டைச் சாய்சுழலி கொண்ட வி-22 ஆஸ்ப்ரே விமானத்தின் ஒரு பக்கச் சுழலி இப்படிச் சிக்கிக் கவிழ்ந்து 19 பேர் இறந்தார்கள். சுழலிகள் அகன்று இரு ஓரங்களில் இருந்ததால், ஒரு பக்கம் தூக்கு போனதும் மறுபக்கத்தின் விசையே கவிழ்த்துவிட்டது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று எப்போதும் ஒரு சீராக வீசுவதில்லை. மலையடிவாரத்தில் இறங்கும் விமானத்தின் வலது, இடது சுழலிகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு காற்றைச் சந்திக்கும்.

தேரி மணலும் கூந்தன்குளமும்

மணிக்கு 100 கிலோமீட்டர் கீழ்க்காற்று திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரியில் பட்டால் செம்மணல் எழும்பிச் சுற்றிலும் மறைத்துவிடும். விமானிக்குத் தரை தெரியாது. மணல் சுழலிக்குள் போய்ப் பிளேடின் முன்விளிம்பை அரிக்கும். சுழலி தரைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மணல்.

பறவை விஷயம் இன்னும் நுட்பமானது. நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் பூநாரையும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூட்டமாக இருக்கும். வயல்வெளியெங்கும் மயில். ஒற்றைப் பறவை ஒரு சுழலியில் பட்டால் கணக்கு தாங்கும். கூட்டம் குறுக்கே வந்தால், முன்வரிசையில் பக்கம் பக்கமாக நிற்கும் மூன்று சுழலிகள் ஒரே நேரத்தில் அடிபடலாம். ஒரே காரணத்தால் பல காப்புகள் சேர்ந்து போவதுதான் பாதுகாப்புப் பொறியாளர்களை அதிகம் கவலைப்படுத்துவது. கூடங்குளம் அணு உலையில் பாதுகாப்பு அமைப்புகள் நான்கு தனித்தனி வரிசைகளாக இருப்பதும் இதற்காகத்தான்: ஓரிடத்தில் தீ பிடித்தாலும் நான்கும் சேர்ந்து போகக்கூடாது. ஈவிடாலில் நான்கையும் தனித்தனி அறையில் வைக்க முடியாது. முன்னும் பின்னும் மேலும் கீழுமாகச் சிதறி வைப்பது மட்டுமே கையில் இருக்கும் வழி.

விதியும், விதி கைகொடுக்காத உயரமும்

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2019-இல் ஈவிடாலுக்கான தனி நிபந்தனைகளை வெளியிட்டது. நகரத்தின் மேல் பயணிகளை ஏற்றிப் பறப்பவற்றுக்கு அது கேட்பது கடுமையானது: பேரழிவுக்கு இட்டுச்செல்லும் பழுது நூறு கோடிப் பறப்பு மணிக்கு ஒன்றுக்கு மேல் வரக்கூடாது, எந்த ஒற்றைப் பழுதும் தனியாகப் பேரழிவை உண்டாக்கக்கூடாது, பழுதுக்குப் பிறகும் தொடர்ந்து பறந்து பத்திரமாக இறங்க முடிய வேண்டும். பிளேடு பிய்வதும் ஒற்றைப் பழுதுதான் என்று வைத்துப் பார்த்தால், சுழலியை எங்கே வைப்பது என்ற கேள்வி இந்த விதிக்குள்ளேயே வந்துவிடுகிறது.

எஞ்சின் நின்ற ஹெலிகாப்டர், இறங்கும் வேகத்திலேயே சுழலியைச் சுற்றவைத்து, கடைசி நொடியில் அந்தச் சுழற்சியைத் தூக்காக மாற்றித் தரைதொடும். ஈவிடாலின் சின்னச் சுழலிகளில் அந்த அளவுக்குச் சுழற்சி ஆற்றல் தேங்காது. இறக்கை இருந்தால், போதிய வேகமும் உயரமும் இருக்கும்போது சறுக்கி இறங்கலாம். விமானத்தையே தாங்கும் பாராசூட் விரிந்து பிடிக்கச் சில நூறு அடி உயரம் வேண்டும்.

அதற்குக் கீழே, வேகமில்லாமல் அந்தரத்தில் நிற்கும் நேரத்தில், இறக்கையும் உதவாது, பாராசூட்டும் உதவாது. தாங்குவது சுழலிகள் மட்டுமே. சரக்கு விமானம் ஒரு பயணத்தில் இரண்டு முறை அந்த உயரத்தைக் கடக்கும். ஆம்புலன்ஸ் அப்படியில்லை, பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கி, நோயாளியை ஏற்றி எழும்பி, ஆஸ்பத்திரி வளாகத்தில் மறுபடி இறங்கி, பிறகு தன் இடத்துக்குத் திரும்பும். ஒரே அழைப்புக்கு ஆறு முறை. அந்த ஆறு முறையும் கீழே ஆட்கள் நிற்பார்கள்.